ஏர்கோன் பழுதுபார்க்கத் தெரிந்தவனுக்குக் கணக்கியல் எதற்கு?

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு ஏர்கோன் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்தது, குளிரவில்லை. என்னிடம் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் சிலிபின் பக்கம் வேன் வைத்து ஏர்கோன் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டு அழைத்தேன். வந்தான். பத்தே நிமிடத்தில், செம்புக் குழாய் இணைப்பில் கேஸ் கசியும் இடத்தைச் சோப்பு நுரை வைத்துக் கண்டுபிடித்தான். சரிசெய்து, வெற்றிடப் பம்ப்பை வைத்துக் காற்றை உறிஞ்சி, கேஸ் நிரப்பி, அழுத்தமானியைப் பார்த்துத் தலையாட்டினான். வகுப்பில் நான் பலகையில் வரைந்து விளக்கியதைவிட அழகாக ஆவியாதலையும் குளிர்தலையும் அவன் கைகள் விளக்கின.

"எவ்வளவுப்பா?" என்றேன்.

"80 வெள்ளி போதும், டீச்சர்."

"உனக்கு இதில் எவ்வளவு நிற்கும்?"

அவன் சிரித்தான். "அதுதான் தெரியல, டீச்சர். வேலைக்குக் குறைச்சல் இல்ல. மாசக் கடைசியில கையில ஒன்னும் நிக்க மாட்டேங்குது."

தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். கேஸுக்கு 30 வெள்ளி. பெட்ரோலுக்கு 10. உடன் வந்த உதவியாளின் ஒருநாள் சம்பளத்தில் இந்த வேலைக்கான பங்கு 25. ஆக 65. மிச்சம் 15 வெள்ளி. இனி மாதாமாதம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியவை: வேன் தவணை, காப்பீடு, சாலை வரி, கைத்தொலைபேசி, தேய்ந்துபோகும் கருவிகளுக்கு ஒதுக்க வேண்டிய தொகை. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 1,500 வெள்ளி. மாதத்துக்கு அவன் செய்வது 60 வேலை. 60 முறை 15 வெள்ளி என்றால் 900. ஒவ்வொரு மாதமும் 600 வெள்ளி குறைகிறது. அந்த 600 எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அம்மாவிடமிருந்து.

எனக்கு உறைத்தது அந்த 600 அல்ல. இந்தப் பையன் படிவம் 4-க்குப் போகும் முன் என்னிடம் வந்து, "டீச்சர், கணக்கியல் பாடமும் சேர்த்து எடுக்கலாமா?" என்று கேட்டான். "நீ தொழில்நுட்பப் பக்கம் போகப் போகிறவன், உனக்கு அது எதற்கு?" என்று சொன்னவள் நான்தான். அன்று அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று நானும் நம்பினேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மாணவர்களே, அந்தச் சுவர் இப்போது இல்லை. 2020 முதல் படிவம் 4-இல் அறிவியல், கலை என்ற பழைய பிரிவுகளை நீக்கிவிட்டுப் பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்கும் ஒருவர், பள்ளியில் ஆசிரியரும் நேரமும் இருந்தால், கணக்கியலையோ பொருளியலையோ வணிகத்தையோ ஒரு விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் மனத்தில் உள்ள சுவர் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. "படிக்கிற பிள்ளை" அறிவியலுக்குப் போக வேண்டும், "படிக்காத பிள்ளை" வணிகத்துக்குப் போக வேண்டும் என்று இன்னமும் பெற்றோர்கள் என்னிடம் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. பேராக்கில் வாழும் நமக்கு இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் பாட்டிமார்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குப் போனால் போதும்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியும் முன் எழுந்து மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, தோளில் காண்டா போட்டு ஆலைக்குக் கொண்டுவருவார். அங்கே கிராணி பாலை நிறுப்பார். நிறுத்தால் மட்டும் போதாது. நீண்ட கழுத்துள்ள ஒரு மிதவைக் கருவியைப் பாலுக்குள் விடுவார். அதன் பெயர் மெட்ரோலாக். பாட்டி அதைப் "பால் ஊசி" என்பார். ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண்ணில்தான் அன்றைய வரும்படி இருந்தது.

ஊசி ஏன் இறங்குகிறது? படிவம் 5 இயற்பியலில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் படிப்பீர்கள். ரப்பரின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. பாலில் ரப்பர் அதிகமாக இருந்தால் பாலின் அடர்த்தி குறையும், மிதவை ஆழமாக இறங்கும். யாராவது பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி கூடும், மிதவை மேலே எழும்பும். கிராணியின் புருவமும் உடன் எழும்பும் என்று பாட்டி சொல்வார்.

மரத்திலிருந்து வரும் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உலர்ந்த ரப்பர். அந்தப் பங்கு மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். இப்போது ஒரு சிறு கணக்கு. இருவர் ஆளுக்கு 25 கிலோ பால் கொண்டுவருகிறார்கள். ஒருவரின் பாலில் 36 விழுக்காடு ரப்பர், மற்றவரின் பாலில் 30 விழுக்காடு. முதலாமவரிடம் 9 கிலோ ரப்பர், இரண்டாமவரிடம் 7.5 கிலோ. உலர்ந்த ரப்பர் கிலோ 6 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 9 வெள்ளி வித்தியாசம். மாதத்தில் 20 நாள் வெட்டினால் 180 வெள்ளி. வாளியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மிதவையின் இயற்பியல் தெரியாத சிறுதோட்டக்காரர், வாங்குபவர் சொல்லும் எண்ணைத் தலையாட்டி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். இயற்பியல் தெரிந்து, அந்த எண்ணை வெள்ளியாக மாற்றத் தெரியாதவரின் நிலையும் அதைவிடப் பெரிதாக மேல் இல்லை.

இதே கதை நாட்டு அளவில் நடந்ததுதான் இன்னும் சுவையானது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் கிடைக்காமல் போனது. அவர்கள் போர்க்கால வேகத்தில் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டினார்கள். போர் முடிந்த பிறகும் அந்த ஆலைகள் மூடவில்லை. செயற்கை ரப்பர் ஒரே சீரான கட்டிகளாக, அதன் பண்புகள் எழுதிய தாளோடு சந்தைக்கு வந்தது. நம் ரப்பரோ புகையிட்ட தகடுகளாகப் போனது. தரம் பார்ப்பவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்து, முதல் தரம், மூன்றாம் தரம் என்று சொல்வார். டயர் செய்பவருக்குத் தகட்டின் நிறமா முக்கியம்? உள்ளே எவ்வளவு அழுக்கு, சூடாக்கினால் எவ்வளவு தாங்கும் என்பதுதானே முக்கியம்?

1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். 1965-இல் எஸ்எம்ஆர் என்ற மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. ரப்பரைச் சிறு துணுக்குகளாக்கிக் கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்துவது. ஒரு கட்டி 33.3 கிலோ, 30 கட்டி சேர்ந்தால் ஒரு டன். ஒரு சிறு துண்டைச் சூடான கரைப்பானில் கரைத்து, 44 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டி, தங்கிய அழுக்கை நிறுப்பது. அந்த அழுக்கின் அளவே தரத்தின் பெயரானது. எஸ்எம்ஆர் 5 என்றால் தொடக்கத்தில் அதிக அளவு 0.05 விழுக்காடு அழுக்கு, எஸ்எம்ஆர் 20 என்றால் 0.20 விழுக்காடு. கண் பார்வைக்குப் பதிலாக ஒரு தராசும் சல்லடையும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கின.

இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பீர்கள்? கரைப்பானும் சல்லடையும் வேதியியல். வாங்குபவர் எதைக் கேட்கிறார், போட்டியாளர் எதைக் கொடுக்கிறார், எடுத்துச் செல்ல வசதியான அளவு எது என்பது வணிகம். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்குச் சந்தை தெரியாமல் இருந்திருந்தால் அழுக்கை அளக்கும் யோசனையே வந்திருக்காது. சந்தையில் இருந்தவர்களுக்கு வேதியியல் தெரியாமல் இருந்திருந்தால் தகட்டை இன்னும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஈயத்தின் கதை இதற்கு நேர்மாறானது, சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் டிடி5 என்ற ஈயக் கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டிய அந்த இயந்திரம் 1982 வரை ஓடியது. கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணிலிருந்து ஈயம் எடுக்கும் திறமைக்குக் குறைவே இருந்ததில்லை. ஆனால் விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்துபோய், 1985 அக்டோபர் 24 அன்று லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது. நம் பகுதியில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளிக்கு இது வானத்திலிருந்து விழுந்த இடி. கணக்கியல் படித்திருந்தால் அவர் அந்தச் சரிவைத் தடுத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். மேகம் கறுப்பதைச் சற்று முன்னரே பார்த்திருக்கலாம்.

சரி, உங்கள் பக்கம் வருவோம். ஏர்கோன் பையனின் கணக்கைக் கணிதப் புத்தகத்தில் வைத்துப் பாருங்கள். மாதச் செலவு என்பது y = mx + c. இங்கே c என்பது 1,500, m என்பது 65, x என்பது வேலைகளின் எண்ணிக்கை. வருமானம் y = 80x. இரண்டு நேர்கோடுகளும் வெட்டும் இடத்தில் x = 100. அதாவது மாதம் 100 வேலை செய்தால்தான் நட்டமில்லாத நிலையையே தொடுவான். தனக்கென்று ஒரு காசு எடுப்பது அதற்குப் பிறகுதான். கட்டணத்தை 110 ஆக்கினால்? 1,500-ஐ 45-ஆல் வகுங்கள். 34-ஆவது வேலையிலேயே கோட்டைத் தாண்டிவிடுவான். 60 வேலை செய்தால் 1,200 வெள்ளி கையில் நிற்கும். கூடுதல் கணிதத்தில் இதைவிடக் கடினமான சமன்பாட்டை அவன் தீர்த்திருக்கிறான். ஆனால் அது தன் வேனின் கதை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வணிகப் பாடத்தில் இதற்குச் சமநிலைப் புள்ளி என்று பெயர்.

எனவே என் ஆலோசனை இது. உங்களுக்குத் தொழில்நுட்பத்தில் விருப்பம் இருந்தால் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விடாதீர்கள். அதோடு கணக்கியல் அல்லது வணிகம் அல்லது பொருளியல், மூன்றில் ஒன்றைச் சேருங்கள். ஒன்று போதும். மூன்றில் எது என்று கேட்டால் நான் கணக்கியலைச் சொல்வேன். மற்ற இரண்டையும் பிறகு படித்துப் புரிந்துகொள்ளலாம். பேரேடு எழுதும் பழக்கம் சிறுவயதில் கைக்கு வந்துவிட்டால் போகாது. இதற்காகத் தமிழ்மொழியையோ தமிழ் இலக்கியத்தையோ விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பள்ளி நேரத்தில் இடமில்லை என்றால், தொடக்கக் கணக்கியல் புத்தகம் ஒன்றை வாங்கி, உங்கள் பகுதி மளிகைக் கடை அண்ணனின் ஒரு மாத வரவுசெலவை எழுதிப் பாருங்கள். அவர் சம்மதித்தால்.

இயற்பியல் உண்மையிலேயே ஒத்துவரவில்லையா? வற்புறுத்த மாட்டேன். வணிகத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டு, கணினி அறிவியல் அல்லது ரெக்கா சிப்தா போன்ற ஒன்றைத் துணைக்கு வையுங்கள். இங்கும் கை அழுக்காகும் பாடம் ஒன்றாவது இருக்கட்டும்.

எஸ்பிஎம் முடிந்ததும் பாதைகள் பல. ஈப்போவிலேயே ஊங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய அதுதான் நாட்டின் முதல் பாலிடெக்னிக். ஒரே வளாகத்தில் பொறியியல் துறைகளும் வர்த்தகத் துறையும் உள்ளன. இயந்திரவியல் படிக்கும் ஒருவர் வர்த்தகம் படிக்கும் நண்பரோடு உணவகத்தில் உட்கார்ந்து பேசுவதைக்கூட நான் கல்வியாகவே கருதுகிறேன். மெட்ரிகுலேஷனில் அறிவியல், பொறியியல், கணக்கியல் எனப் பிரிவுகள் உண்டு. எஸ்டிபிஎம் வழியும் உண்டு. அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "தொழில்நுட்பமும் நிர்வாகமும்" என்று இரண்டு பெயரும் சேர்ந்த படிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. சில நல்லவை. சிலவற்றில் தொழில்நுட்பமும் மேலோட்டம், நிர்வாகமும் மேலோட்டம். பெயரைப் பார்த்து மயங்காமல் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக்கூடத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தொழிற்பயிற்சி எத்தனை மாதம், மூன்றாம் ஆண்டுக் கணிதம் எது என்று பாருங்கள். திறந்த நாளில் பலூனும் இலவசப் பையும் கொடுப்பவர்கள் இந்தக் கேள்விகளுக்கு விழித்தால், பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

என் கணிப்பில், வரிசை முக்கியம். முதலில் தொழில்நுட்பம் ஆழமாக, கூடவே வணிகம் அடிப்படையாக. காரணம் எளிது. ஆய்வுக்கூடமும் இயந்திரமும் இல்லாமல் 30 வயதில் தெர்மோடைனமிக்ஸ் கற்பது கடினம். வேலை செய்துகொண்டே நிர்வாகம் படித்தவர்கள் ஏராளம். பொறியியல் உலகமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989-இல் வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று வந்தது. மலேசியா 2009-இல் அதில் முழு உறுப்பினரானது. அதன்படி ஒரு பொறியியல் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய திறன்களில் திட்ட நிர்வாகமும் நிதியும் ஒன்று. பாலம் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவில் எப்போது கட்டி முடிப்பேன் என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் ஜி.டி. நாயுடுவைப் பற்றிக் கேட்பார், எனக்குத் தெரியும். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் அவர். பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர். உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு இயந்திரவியல் கற்றார். 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். 1937-இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரில் அவர் பங்கு உண்டு. "அவர் கல்லூரிக்கா போனார், டீச்சர்?" போகவில்லை. ஆனால் அவர் வண்டியையும் படித்தார், பயணச்சீட்டுக் கணக்கையும் படித்தார். பிறகு 1945-இல் மற்ற பிள்ளைகளுக்காகத் தொழிற்கல்வி நிலையம் தொடங்கியவரும் அவரே. கல்லூரி தேவையில்லை என்று நினைத்தவர் கல்லூரி தொடங்குவாரா? இன்னொன்று, அன்று போல இன்று சும்மா இறங்கிவிட முடியாது. வீட்டில் மின்கம்பி இழுக்கக்கூட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

"வணிகம்" என்று நான் சொல்வது, ஹோட்டல் மண்டபத்தில் கைதட்டவைத்து, ஆறு மாதத்தில் பணக்காரராகலாம் என்று சொல்லும் கூட்டங்களை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பள்ளி முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து அவை நம் பகுதிக்கும் வருகின்றன. நுழைவுக் கட்டணம் கேட்டால், y = mx + c எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

படிவம் 3 மாணவர்கள் விரைவில் பாடத் தொகுப்புப் பாரத்தை நிரப்பப் போகிறீர்கள். கையெழுத்திடும் முன், உங்கள் பள்ளியில் எந்த விருப்பப் பாடங்களை உண்மையில் நடத்துகிறார்கள், இயற்பியலும் கணக்கியலும் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா என்று ஆலோசகர் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். மோதினால் நான்கைந்து பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கால அட்டவணை மாறாது. ஐந்து பேர் கேட்டால் சில நேரம் மாறும், நான் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மாவிடம் பேசும்போது இந்தக் கட்டுரையைக் காட்டுவதைவிட, அவர்கள் செய்யும் தொழிலின் மாதக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பேச்சு தானாக நடக்கும்.

அந்த ஏர்கோன் பையன் அண்மையில் மீண்டும் வந்தான், ஆறு மாதச் சர்வீஸுக்கு. வேனில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. வேலை முடிந்ததும் கட்டணம் 110 வெள்ளி என்றான்.

"டீச்சருக்குமா?" என்றேன்.

"டீச்சருக்கும்தான்," என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.